மொட்டைக் காம்புகள்

கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் முடிதிருத்துபவருக்கு நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் கண்ணை உறுத்தும். அன்று காலை உறுத்தியது மனைவியின் மெழுகுக்கொடி. வீட்டு முன்பக்கத்துக் கடையின் ஜன்னல் கம்பிகளில் சுற்றி ஏறி, தடித்த இலைகளோடு பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் போன தடவை பூத்து உதிர்ந்த இடங்களில், இலையும் இல்லாமல் பூவும் இல்லாமல், மொட்டைக் குச்சிகளாய்க் காம்புகள். நாளை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? கிருதா ஒதுக்குவதுபோல் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். வெட்டிய இடமெல்லாம் பால் கசிந்தது. எருக்கஞ்செடிக்குச் சொந்தக்காரி அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு துடைத்துவிட்டார்.

அவள் குணமாகி வரவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேட்டதைச் செஞ்சு குடுங்க" என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே இவருக்குத் தெரியும். மருந்து ஏறி முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது, இந்தக் கடை நாற்காலியில் உட்காரவைத்து அவள் தலையை மழித்தவர் இவர்தான். இப்போது அந்தத் தலையில் பொடிமுடி அரும்பியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி, "முடி வந்துடுச்சு, இனிமே கவலையே இல்ல" என்று சந்தோஷப்பட்டாள். மருந்தை நிறுத்திவிட்டார்கள், அதனால் முடி வருகிறது. முடி விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தப் பேச்சைக் கேட்ட அன்று கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துண்டை அடைத்து அழுதார்.

கொடியை ஒதுக்கிய அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனதும் அவள் முதலில் கேட்டது வழக்கம்போல் கொடியைத்தான்.

"ராணி மாதிரி இருக்கு. எனக்கே வீட்ல இவ்வளவு கவனிப்பு கெடையாது."

"மண்ணு காஞ்சப்புறம்தானே தண்ணி ஊத்துறீங்க?"

"விரலை விட்டுப் பாத்துட்டுத்தான்."

"காலை வெயில் போதும். தொட்டிய எடம் மாத்தாதீங்க, கோவிச்சுக்கிட்டு மொட்டு எல்லாத்தையும் உதுத்துடும்." மூச்சு வாங்கினாள். "பூத்து முடிஞ்ச காம்பு மொட்டையா நிக்குதுல்ல, அதுலதான் மறுபடி மறுபடி பூக்கும். இந்தத் தடவை பூக்குறதைப் பாத்துடணும்ங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கரண்டி அவர் கையில் அப்படியே நின்றது. இத்தனை வருஷமாக அவள் ஏன் அந்த ஜன்னல் பக்கம் கத்தரிக்கோலை அண்டவிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மொட்டு வந்திருக்கு" என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நெசமாவா?" பல நாளைக்குப் பிறகு அவளே தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க முடியாமல் அவர் தண்ணீர் பிடிக்கப் போனார்.

கடைக்கு ஓடிவந்து குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். வாடிக்கையாளர்களின் முடிக்குள் கையை விட்டுத் துழாவிக் காம்புகளைப் பொறுக்கினார். ஊதிக் கழுவி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை நறுக்கி, பால் கசிந்த இடங்களில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். ஒட்ட ஒட்ட விழுந்தன. வெட்டினதை ஒட்டவைக்க முடியாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். தெரிந்தும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வந்திறங்கியதும் அவள் படுக்கைக்குப் போகவில்லை. கடை நாற்காலியில் உட்கார்ந்து, "ஜன்னல் பக்கம் திருப்புங்க" என்றாள். திருப்பினார். கொடியைப் பார்த்தாள். கெட்டிப்பட்டிருந்த பால் துளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"ஒதுக்கிட்டீங்களா?"

"நீ வர்றேன்னு... அழகா இருக்கட்டும்னு... திட்டு. வாயார ரெண்டு திட்டு திட்டிடு."

அவள் திட்டவில்லை. கை மட்டும் ஜன்னல் கதவு மடங்கும் இடுக்குக்குள் போனது, நின்றது. "இங்க வாங்க" என்று அவர் விரலைப் பிடித்து உள்ளே வைத்தாள். கத்தரிக்கோலுக்கு எட்டாத ஒரே ஒரு காம்பு. நுனியில் கடுகுக்கும் சிறிதாய் ஏதோ நெருடியது. மொட்டா, பழைய பூ உதிர்ந்த தழும்பா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

விரிய எவ்வளவு நாளாகும் என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. விரலை அங்கிருந்து எடுக்கவும் இல்லை. அவள் அவர் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். புதிதாய் முளைத்த முடி சட்டையைத் தாண்டிக் குத்தியது.