உடைப்பு வழி

அழித்த கோடு காலையில் திரும்பி வந்திருந்தது. வெல்டர் பட்டறை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நிழலுக்காகப் போனைச் சட்டைக்குள் பாதி மறைத்துக்கொண்டு ஊர் வரைபடத்தைப் பார்த்தான். அவன் குடியிருக்கும் சந்தின் கடைசியில் தொடங்கி, ரயில்வே சுவரைத் துளைத்து, தண்டவாளங்களைக் குறுக்கே கடந்து, சலவைக்கூடத்தின் பின்வாசலில் முடியும் சின்னப் புள்ளிக்கோடு. முந்தின நாள் சாயங்காலம் அதைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, அழி என்று கொடுத்து, அழிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான். இப்போது ஒன்றும் நடக்காத மாதிரி அதே இடத்தில் கிடந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'நேரில் போய்ப் பார்த்தேன், வழி இருக்கிறது.' எழுதியவர் ஆடிட்டர்.

அந்த வரைபடம் யாருக்கும் சொந்தமில்லை. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் வரையலாம், எவன் வரைந்ததையும் எவனும் திருத்தலாம். ஆடிட்டரின் சைக்கிள் சட்டத்தில் விழுந்த விரிசலைப் பற்றவைத்துக் கொடுத்தபோதுதான் வெல்டருக்கு அது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் கிளம்பிப் படத்தில் இல்லாத தெருக்களைத் தேடிப் போவார்கள் என்றும், கைப்பிடியில் மாட்டிய போன் போகிற தடத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும் அவர் சொன்னார். 'சும்மா வாங்க, நீங்களும்தான் தினம் மிதிக்கிறீங்க' என்றார். போனான். அதில் ஒரு சுகம் இருந்தது. பட்டறையில் அவன் பற்றவைத்த கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் ஊர் பூராவும் நிற்கின்றன, எதிலும் அவன் பெயர் கிடையாது. வண்ணம் அடித்ததும் அவன் போட்ட பற்றவைப்புத் தையலே தெரியாது. படத்தில் அப்படியில்லை. அவன் மிதித்துப் போன தடம் கோடாகி, தொட்டால் 'வெல்டர்' என்று சொன்னது. ஞாயிறு மத்தியானம் வீட்டில் படுத்துக்கொண்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான்.

அவன் குடியிருப்பு அந்தப் படத்தில் வெறும் பழுப்புத் திட்டாக இருந்தது. ஊரே நரம்பும் சதையுமாகத் தெரிய, அங்கே மட்டும் ஆறிப்போன தழும்பு மாதிரி. முதலில் சந்துகளை வரைந்தான், பிறகு குழாயடியை. கடைசியாக அந்த உடைப்பை. ரயில்வே சுவரில் அதை யார் எப்போது உடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தோளைக் கொஞ்சம் திருப்பினால் ஓர் ஆள் நுழையலாம். அந்தப் பக்கம் போவது சரக்கு ரயில் மட்டும், அதுவும் கல்யாண ஊர்வலம் மாதிரி அசைந்து அசைந்துதான் வரும். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் வாசல். புதிதாகச் சேருகிறவர்கள் விவரம் தெரியாமல் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு வியர்த்துப்போய் வருவதாக மனைவி சொல்லியிருந்தாள். அவர்களுக்கு உதவுமே என்று வரைந்தான். நடக்கவும் சைக்கிளைத் தள்ளிப்போகவும் மட்டும் என்று கவனமாகக் குறிப்பும் போட்டான். சைக்கிள்காரர்களின் போன் குழுவில் ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

பார்சல் கொண்டுபோகும் பையன்களின் போன்களுக்குள் அந்தக் கோடு எப்படிப் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பெனிக்காரன் படத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டிருக்கிறான். நடக்க மட்டும் என்பதையெல்லாம் அவன் அள்ளவில்லை போல. ஒரு மோட்டார் பைக் வந்தது, அப்புறம் நாலு, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். கைப்பிடி இடிக்கிறது என்று எவனோ இரண்டு பக்கமும் செங்கல்லைத் தட்டி அகலமாக்கினான். சந்தில் காயப்போட்ட துணியெல்லாம் புகை பிடித்தது. எதிர்வீட்டு அக்கா பாத்திரத்தைத் துலக்கியபடியே அவனைக் கூப்பிட்டாள்.

"ஏம்பா, ஏதோ போன்ல வரைஞ்சியாமே. என் சமையல்கட்டையும் சேத்து வரைஞ்சுடு. உள்ள பூந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அவன் சிரித்து வைத்தான். அடுத்த வாரம் ரயில்வே ஆட்கள் டேப்பை நீட்டிச் சுவரை அளந்து, உடைப்பின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனபோது சிரிப்பு போயிற்று. தண்டவாளத்தைப் பார்க்கிற லைன்மேன் அவன் மனைவியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "உங்கள மாதிரி பொம்பளைங்க நடந்தா நாங்க பாத்தும் பாக்காத மாதிரி போயிடுவோம்மா. வண்டி போனா மேல இருக்கறவன் கேக்குறான், அடைக்கச் சொல்றான். வண்டி நின்னுச்சுன்னா நானே பேசி அப்படியே விட்டுடச் சொல்றேன்."

வண்டி நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்தக் கோட்டை அழித்துப் பார்த்தான். உடைப்பு அடைபட்டால் மற்றவர்களுக்கு நடை நீளும், அவன் வீட்டில் ஓர் உயிர் கவனிப்பாரில்லாமல் கிடக்கும். மாமனார் மூட்டை தூக்கியவர். வாதம் வந்து இடுப்புக்குக் கீழே கட்டையாகி, பின்கட்டில் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். மத்தியானம் ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, விரிப்பை மாற்றாவிட்டால் முதுகு வெந்து புண்ணாகிவிடும். சாப்பாட்டு நேரத்தில் மனைவி உடைப்பு வழியாக ஓடிவந்து அதைச் செய்துவிட்டு, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓடுவாள். மேம்பாலத்தைச் சுற்றி வந்தால் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். வேலையை விடலாம் என்றால் அவருடைய மருந்தே அந்த வேலையில்தான் ஓடுகிறது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் தகப்பனின் வேட்டியை மடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க வரையலைன்னா வழி இல்லாமலா போச்சு? நான் தினம் நடந்துட்டுத்தானே இருந்தேன்."

ஆடிட்டர் வீட்டுக்கு நேரிலேயே போனான். அவர் கெட்டவரில்லை. நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"நான் போய்ப் பாத்தேனே. வழி இருக்கு."

"இருக்குதான் சார். இல்லாம இருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்."

"இருக்கறத இல்லைன்னு போட்டா அதுக்குப் பேரு படமா? குளத்தங்கரைப் பாதைய அந்தக் கட்டடக்காரன் படத்துலேர்ந்து அழிச்சப்ப நீங்கதானே சண்டை போட்டீங்க. தரையில என்ன இருக்கோ அதான் படத்துல இருக்கணும்னு அத்தனை பேருக்கும் எழுதினீங்க. நான் அன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

எழுதியது அவன்தான். எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. படுத்துக் கிடக்கிற மாமனாரைப் பற்றிச் சொன்னான். ஆடிட்டரின் முகம் வாடியது. உடனே போனை எடுத்து, மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை என்று இன்னும் அழுத்தமாக ஒரு குறிப்புச் சேர்த்தார்.

"இதப் பாத்துட்டு நிறுத்திடுவாங்களா சார்?"

"அடுத்த தடவை கம்பெனி படத்த எடுக்கும்போது மாறணும்."

"எப்ப எடுப்பாங்க?"

"நம்மள கேட்டா எடுக்குறாங்க?" என்றார். "மத்தபடி, நான் அழிச்சாலும் வேற யாராவது வந்து பாத்துட்டுப் போட்டுடுவாங்க. அதான் இதோட பலமே."

சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பும்போது அவன் சந்துக்குள் எதிரும் புதிருமாக இரண்டு பைக்காரர்கள் மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பின்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலை கிரேன் வந்தது. கான்கிரீட் பலகைகளை இறக்கி, உடைப்பை மட்டுமில்லாமல் சுவர் நெடுக நிறுத்தினார்கள். காலையில் உடைப்பு வழியாக வேலைக்குப் போன மனைவி மத்தியானம் திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் சிமென்ட் ஈரத்தின் முன் நின்றாள். மேம்பாலத்தைச் சுற்றி ஓடிவந்து தகப்பனைத் திருப்பிவிட்டுத் தாமதமாகத் திரும்பிப் போனதற்கு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சலவைக்கூட மேஸ்திரி சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் வெல்டர் கோட்டை அழித்தான். இப்போது தரையிலும் வழி இல்லை, அழிக்கலாம். சற்று நேரத்தில் ஆடிட்டரிடமிருந்து வந்தது: 'உடனுக்குடன் திருத்தியதற்கு நன்றி.'

மத்தியான வேலையை அவன் எடுத்துக்கொண்டான். முதலாளியிடம் கெஞ்சி நேரம் வாங்கி, பட்டறையிலிருந்து ஒரே மிதியாக மிதித்து வருவான். மிதிப்பது கஷ்டமில்லை. மாமனார்தான் விடவில்லை. மகள் கைபட்டே பழகிய மனுஷன். மருமகன் முன்னால் வேட்டியை அவிழ்க்க வேண்டுமே என்று கட்டிலின் இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூட்டை தூக்கிய கை அது, கால் போன பிறகும் கை போகவில்லை.

"வேணாம் மாப்பிள்ளை. நீங்க போங்க. அவ வரட்டும்."

"அவளால வர முடியாது மாமா. சுவர அடைச்சுட்டாங்க. ஒரு நிமிஷம், கண்ண மூடிக்கங்க, நானும் மூடிக்கிறேன்."

"உங்ககிட்ட இதெல்லாம் வாங்கிட்டுக் கிடக்கணுமா நான்? போங்க மாப்பிள்ளை."

எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிவந்தபோது இன்னும் மோசம், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். ஒருநாள் வலுக்கட்டாயமாக விரலைப் பிரிக்கப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது குலுங்கினார். அதற்கப்புறம் அவனுக்கே கை நீளவில்லை. சாப்பாட்டை ஊட்டுவதற்கு மட்டும் வாயைத் திறந்தார். அறையில் ஒரு வாடை வரத் தொடங்கியிருந்தது. ராத்திரி அவள் முதுகைத் துடைத்து மருந்து போடுவாள். பழைய காயம்தான் என்று ஒருநாள் சொன்னாள். பழைய காயம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்க ஆரம்பித்தாள். தண்டவாளத்தைத் தாண்டி, பலகைக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பாள். அவன் வீட்டிலிருந்து இறங்கி, சைக்கிளோடு இந்தப் பக்கம் வந்து நிற்பான். அவள் தலைமுடி கூடத் தெரியாது. சலவை இயந்திரங்களின் இரைச்சலும் அதற்கு மேல் அவள் குரலும்தான் வரும்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"திருப்பிப் போட்டீங்களா?"

புதுக் கான்கிரீட்டில் பலகை அச்சின் மரக்கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போட்டேன்."

"எந்தப் பக்கமா?"

பின்னால் ஹாரன் அடித்தது. முதுகில் பெரிய பெட்டி கட்டிய ஒருவன், போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நேரா வழி காட்டுது."

வெல்டர் சைக்கிளை ஓரமாக இழுத்துக்கொண்டான். பைக் அவனைத் தாண்டிப் போய், முன்சக்கரம் கான்கிரீட்டில் மெல்ல முட்டி நின்றது. பைக்காரன் இன்ஜினை அணைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் மறுபடி கேட்டாள், இன்னும் சத்தமாக, இடப்பக்கமா என்று, பிறகு வலப்பக்கமா என்று.