கைப்பிடி வைத்த கேபினெட்

கம்ப்யூட்டர் கட்டப்போவதாகக் குண்டூசி சொன்னபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன். பழைய பார்ட்ஸா வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா. உங்களுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன ஆட்சேபம்."

"இடத்த அடைக்காது. சின்னதாத்தான் கட்டுவேன்."

"சரி."

கொஞ்ச நாளாக எங்களுக்குள் நடந்ததிலேயே நீளமான பேச்சு அது.

குண்டூசி என் மனைவியின் தம்பி. உடம்பு ஒல்லி, தலை மட்டும் பெரிது. பெயர் அவள் வைத்தது. மருந்துக் கிடங்கு ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது, "என் வீடு இருக்கும்போது அவன் எதுக்கு ஹாஸ்டல்ல கிடக்கணும்" என்று அவள்தான் கூட்டி வந்து முன்னறையைக் கொடுத்தாள். பிறகு ஒரு காய்ச்சலில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவன் முன்னறையிலேயே இருந்தான். இனி எந்த முறையில் இங்கே இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான் என்று பயமாக இருந்தது.

அவன் போய்விட்டால் நான்தான் பூட்டைத் திறந்து உள்ளே போகவேண்டும். அவன் ஷிப்ட் முடிந்து எனக்கு முன்பே வந்துவிடுவான். தெருமுனையில் திரும்பும்போதே முன்னறை விளக்கு எரிவது தெரியும். அந்த விளக்கு எரியாத வீட்டுக்குள் எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மாமனார் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார்.

"பையன் தொந்தரவு பண்றானா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"இந்த மாசத்தோட அனுப்பி வச்சிடுங்க. இங்கயும் ஏதாவது வேலை கிடைக்காமலா போயிடும். எவ்வளவு நாள்தான் உங்க தலையில கட்டி வைக்கிறது."

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். சொல்லவேண்டியது என்னவென்று தெரியும். வாய் வரவில்லை.

"அப்போ சரி மாப்பிள்ளை" என்று அவரே முடித்துக்கொண்டார்.

பொருட்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிராசசர் ஒரு டிபன் பாக்ஸில், பஞ்சு சுற்றி வந்தது. மூடப்போகும் இன்டர்நெட் கடை ஒன்றில் வாங்கியிருந்தான். மெமரிக்கான ராம் யாரோ ஒரு கல்லூரி மாணவனுடையது. போனில் பேரம் பேசும்போது குண்டூசிக்கு வேறு குரல் வந்துவிடும். "அண்ணே, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நடுவுல ஒரு ரேட் சொல்லுங்க" என்பான். வைத்த பிறகு போனைப் பார்த்து, "திருட்டுப்பய" என்பான்.

வாங்கியதையெல்லாம் சமையலறை மேசையில் பழைய பேப்பர் விரித்து வைத்தான். சாப்பிடும்போது நான் ஒரு பக்கம், மதர்போர்டு ஒரு பக்கம்.

"மாமா, கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் ஜோடிப் பொருத்தம் பாத்துதான் வாங்கணும். ஒண்ணு ஓடி, இன்னொண்ணு மூச்சு வாங்கிட்டு நின்னுடக்கூடாது." சொல்லிவிட்டு நிறுத்தினான். தட்டைப் பார்த்தான்.

"மேல சொல்லு" என்றேன்.

சொன்னான். நான் கேட்டேன். பாதி புரிந்தது. மறுநாள் அலுவலகத்தில் மீதியைத் தேடிப் படித்தேன். எனக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் தீவிபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை. அன்று மாலை முதல் முறையாக நானாகப் பேச்சை ஆரம்பித்தேன்.

"பவர் சப்ளைல மட்டும் மிச்சம் பிடிக்காத. கருகிப்போன சுவர் போட்டோ தினமும் பாக்கறேன்."

"அதுல கை வைக்கமாட்டேன் மாமா. நீங்க இருக்கற வீடு."

நீங்க இருக்கற வீடு என்றான். நான் அதைக் கவனித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். இவ்வளவு இறுக்கிப் பிடித்துச் செலவு செய்கிறவன், மதர்போர்டுக்கு மட்டும் தாராளமாகக் கொடுத்திருந்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதே காசுக்கு அதைவிடப் பெரியது, நல்லது, எத்தனையோ கிடைக்கிறது என்று நான் படித்திருந்தேன். பெரிய மாடல்கள் மலிவு. சின்னதாகச் செய்வதற்குத்தான் விலை.

"ஏன் இவ்வளவு குட்டி?" என்று கேட்டேன்.

"குட்டியா இருந்தா அழகா இருக்கும் மாமா" என்றான். அழகுக்குச் செலவு செய்கிற ஆள் இல்லை அவன். ஓட்டை விழுந்த பனியனையே தைத்துப் போடுகிறவன்.

மிச்சம் இருந்தவை மூன்று: கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, எல்லாவற்றையும் உள்ளே வைக்கக் கேபினெட். ஒரு சனிக்கிழமை மாலை பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டான். "ரெண்டு பேரா போனா ஏமாத்த யோசிப்பாங்க."

மாடியில் ஒடுக்கமான கடை. இரண்டு பக்கமும் மானிட்டர்களை அடுக்கி, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க வழி விட்டிருந்தார்கள். கடைக்காரருக்கு அந்த வழி போதாத உடம்பு. காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"மூணு ஃபேன் வச்ச கார்டு இருக்கு தம்பி" என்று ஒன்றைத் தூக்கி வைத்தார். செங்கல் போல நீளமாக இருந்தது. "மறைக்கமாட்டேன். ரெண்டு வருஷம் கிரிப்டோ காயின் தோண்டின கார்டு. ராத்திரி பகலா உழைச்சது. ஃபேன் மூணையும் நானே மாத்தினேன். இங்கயே அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கோ. இந்த ரேட்டுக்கு இந்த வேகம் எங்கயும் கிடைக்காது."

குண்டூசி அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினான். அவன் முகத்தைப் பார்த்தேன். அது வேண்டும் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"ஒத்த ஃபேன்ல, கட்டையா ஏதாவது இருக்காண்ணே?"

"இருக்கு. இதோட வேகத்துல பாதி. விலை இதவிட ஜாஸ்தி. தேடறவன் அதிகம், சரக்கு கம்மி."

"பரவாயில்ல, அத எடுங்க. கேபினெட் அந்த மேல இருக்கறது."

அலமாரியின் உச்சியில், மேலே கைப்பிடி வைத்து, சின்ன சூட்கேஸ் மாதிரி ஒன்று இருந்தது. கடைக்காரர் விலையைச் சொன்னார். எனக்கே சுருக்கென்றது.

"தம்பி, பசின்னு சாப்பிட வந்துட்டு, தட்டுக்கே எல்லாக் காசையும் குடுக்கறியே. சார், நீங்களாவது சொல்லக்கூடாதா?"

குண்டூசி கொண்டுவந்திருந்த கவரிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து உதறினான். அவன் ஊரிலிருந்து வந்த அன்று தோளில் போட்டிருந்த பயணப்பை. ஜிப்பைத் திறந்து கேபினெட்டை உள்ளே இறக்கினான். கச்சிதமாக உட்கார்ந்தது. ஜிப் மூடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டி மதர்போர்டு, கட்டைக் கார்டு, கைப்பிடி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதற்காக அவன் ஆரம்பத்திலிருந்தே கட்டிக்கொண்டிருந்தான்.

"பை எதுக்கு?" என்றேன்.

"சும்மா. சைஸ் பாக்க."

"எங்க தூக்கிட்டுப் போற?"

அவன் ஜிப்பைத் திறந்தான், மூடினான். "அப்பா சொன்னார். மாசக் கடைசில என்னை அனுப்பச்சொல்லி உங்ககிட்ட கேட்டாராம். நீங்களும் சரின்னுட்டீங்களாம்."

"நான் எப்ப சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லலயாம்."

"ஒண்ணும் சொல்லலன்னா?"

"சரின்னுதான மாமா."

"எங்க கடைல" என்றார் கடைக்காரர், "ஒண்ணும் சொல்லாம நின்னா வாங்கமாட்டாங்கன்னு அர்த்தம்."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் ஒரு துணியை எடுத்து மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கும் சின்ன வயசுதான் மாமா" என்றான் குண்டூசி, தணிந்த குரலில். "நான் ஒருத்தன் முன்னறைய அடைச்சுக்கிட்டு இருந்தா, உங்களால ஒண்ணும் யோசிக்க முடியாது. போன்னு நீங்களும் சொல்லமாட்டீங்க. அதான் நானே..."

இருந்துவிடு என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற நாளிலிருந்து எனக்கு எந்த வார்த்தையும் சரியாக வருவதில்லை. கையெழுத்துப் போடு என்றால் போடுவேன், சாப்பிடு என்றால் சாப்பிடுவேன்.

கடைக்காரரிடம் திரும்பினேன்.

"அந்த மூணு ஃபேன் கார்டு எந்த கேபினெட்ல போகும்?"

"அதுக்கு இதுதான் சார்." காலால் ஒன்றைக் காட்டினார். தரையில் பீரோவுக்குத் தம்பி போல நின்றது. "கண்ணாடில ஒரு கீறல். ஒருத்தரும் தூக்கமாட்டேங்கறாங்க. அந்தக் குட்டிக்குச் சொன்னதுல கால்வாசி குடுங்க."

"இவன் வாங்கி வச்சிருக்கற குட்டி மதர்போர்டு அதுல உக்காருமா?"

"தாராளமா. கல்யாண மண்டபத்துல ஒத்த சேர் போட்ட மாதிரி இருக்கும், வேற ஒண்ணும் இல்ல."

"அப்போ அந்தக் கார்டு, இந்தப் பெட்டி. பவர் சப்ளை புதுசா, நல்லதா ஒண்ணு."

"மாமா" என்றான் குண்டூசி. "இத எப்படி நான் தூக்கிட்டு..."

"தூக்க வேண்டாம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கேபினெட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையை மடிக்க ஆரம்பித்தான். நான்காக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கடைக்காரர் கார்டை ஓட்டிக் காட்டினார். அரை மணி நேரம் மூன்று பேரும் திரையில் சுற்றும் ஒரு வளையத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கார்டின் சூடு ஏறியது, ஓரிடத்தில் நின்றது.

பெட்டியை ஸ்கூட்டரில் நடுவில் வைத்தோம். பின்னால் அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வழியெல்லாம், "எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னு சொல்லுங்க மாமா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றபடியே வந்தான்.

முன்னறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டி போகவில்லை. ஹாலில் அவளுடைய மேசை இருந்தது. மேலே மூக்குக்கண்ணாடி, கிளிப்புகள், பாதி தீர்ந்த ஒரு கைக்கிரீம். நான் எதையும் தொட்டிருக்கவில்லை. இப்போது இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன்.

"அக்கா மேசையா மாமா?"

"உயரம் சரியா இருக்கு."

ஞாயிறு காலை முழுக்க ஆயிற்று. நான் டார்ச் பிடித்தேன், அவன் திருகினான். ஒரு திருகு உள்ளே விழுந்து, பெட்டியை இருவருமாகக் கவிழ்த்துக் குலுக்கினோம். சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் சுற்றின. மூன்றில் ஒன்று மட்டும் ரோஸ் கலரில் எரிந்தது.

"கடைக்காரன் கைக்குக் கிடைச்சத மாட்டிருக்கான், திருட்டுப்பய" என்றான். சிரித்தான். திரையில் எழுத்து வந்தது.

போன் அடித்தது. மாமனார்.

"மாப்பிள்ளை, அவனுக்கு டிக்கெட் போட்டுடவா?"

"வேண்டாம் மாமா. அவன் இங்கயே இருக்கட்டும்."

"உங்களுக்குப் பாரமா..."

"பாரம் இல்ல. எனக்கு அவன் வேணும்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "இங்கயும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருக்கோம் மாப்பிள்ளை."

அதை நான் யோசித்ததே இல்லை. என் தலையில் கட்டியிருப்பதாக நினைத்துத்தான் அவனைக் கூப்பிடுகிறார் என்று இருந்துவிட்டேன்.

"கிளம்பி வாங்க மாமா. அத்தையையும் கூட்டிட்டு. நாலு நாள் இல்ல, நல்லா இருந்துட்டுப் போங்க."

"அவன்கிட்ட குடுங்க" என்றார்.

குண்டூசி வாங்கினான். "ஆமாப்பா... இல்ல, நான் கேக்கல, அவரேதான் சொன்னார்... பெரிசுப்பா, பஸ்ல ஏறாது... அம்மாவா? குடு." கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினான். "அதுல என்னதான் இருக்கு, இத்தன நாளா கட்டறீங்கன்னு அம்மா கேக்கறாங்க. நீங்களே சொல்லுங்க மாமா. நான் சொன்னா அவங்களுக்குப் புரியாது."

அத்தைக்கு அப்படியே என் மனைவியின் குரல். அதனாலேயே நான் மாமாவிடம் மட்டும் பேசி வைத்துவிடுவேன். அவன் போனை நீட்டியபடி நின்றான். வாங்கினேன்.

"சொல்லுங்க தம்பி" என்றது குரல்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முதல்ல மதர்போர்டுன்னு ஒண்ணு அத்தை" என்றேன். "உள்ளங்கை அளவுதான் இருக்கும். உங்க பையன் தப்பா வாங்கிட்டான்."