அறுபத்து நாலில் ஒன்று

ஆலங்காயத்தில் பேருந்து ஏறியதிலிருந்து கலைவாணி அந்த அட்டைப்பெட்டியை மடியிலிருந்து இறக்கவேயில்லை. காவலூர் தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும், பேருந்து சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அதைச் சாய்த்துப் பிடித்தாள். உள்ளே அவள் வார்த்துச் சாயம் பூசிய ரயில் கோச்சுகள் பஞ்சுக்கு நடுவே படுத்திருந்தன. நிஜக் கோச்சில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. மாதிரி ரயில் வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் எண்பத்தேழில் ஒன்று என்ற அளவைத்தான் கேட்பார்கள். அது கலைவாணிக்குப் பிடிக்கவில்லை. அந்த அளவில் ஜன்னல் கம்பி கண்ணுக்குத் தெரிவதோடு சரி. அவள் அளவில் விரல் வைத்தால் தட்டுப்படும். பெட்டிக்கடையில் விற்கும் குட்டிக் கார்கள்கூட ஏறக்குறைய இதே அளவுதான் என்பது அவளுக்கு இன்னொரு பலம். வாடிக்கையாளர்களிடம் அதை மறக்காமல் சொல்வாள். “ரோடும் காரும் உங்க வூட்லயே இருக்குதுங்க. ரயில் மட்டும்தான் பாக்கி.”

இந்த அளவில் செய்கிறவர்கள் அந்த வட்டாரத்திலேயே மூன்று பேர்தான். கோச்சுகள் அவளுடையவை. எஞ்சின்கள் ஒடுகத்தூர் தனசேகரனுடையவை. ஷூ கம்பெனியில் இயந்திரம் பழுதுபார்த்துவிட்டு வெளியே வந்தவர் அவர். தண்டவாளம் ஜமுனாமரத்தூர் பூவரசன் செய்வது. ரயிலே ஏறாத மலையில் பிறந்து, கீழே ஐடிஐ படிக்கப் போனபோது வாணியம்பாடி ஸ்டேஷனில் மணிக்கணக்காக உட்கார்ந்து பழகியவன்.

மூவரில் இருவர் ஓராண்டாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு கொக்கி. கோச்சையும் எஞ்சினையும் பிணைக்கும் அந்தச் சின்னஞ்சிறு இரும்பை ஆளுக்கொரு விதமாகச் செய்திருந்தார்கள். அவளுடையது நிஜ ரயிலில் இருப்பது போலவே இருக்கும். தனசேகரனுடையது பார்க்க ஒரு வளைந்த ஊசி. இருவரிடமும் வாங்கிய ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, அவருடைய எஞ்சின் உங்கள் கோச்சை இழுக்கவில்லையே என்று கேட்டபோது, அவள் தனசேகரனைக் குறை சொன்னாள். தனசேகரனும் அவளைத்தான் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

போதாததற்குப் பெங்களூருவில் கடை வைத்திருக்கும் ரமேஷ் போன வாரம் பேசினார். எண்பத்தேழுக்கு மாறிவிட்டால் அவள் செய்வது அத்தனையையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். உண்மையிலேயே யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

புது வளைவு போட்டிருக்கிறேன், கோச்சை ஓட்டிப் பார்க்க வாருங்கள் என்று மட்டும்தான் பூவரசன் அழைத்திருந்தான். அவன் வீட்டு வாசலில் தனசேகரனின் செருப்பைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே தண்டவாளம் கூடத்தைச் சுற்றி, சமையலறை வாசற்படியில் ஏறி, அடுப்பு மேடைக்குக் கீழே திரும்பி வந்தது. பூவரசனின் மனைவி ரம்யா அதைத் தாண்டித் தாண்டித் தேநீர் கொண்டுவந்தாள். தனசேகரன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார்.

பூவரசன் சுற்றி வளைக்கவில்லை. “அக்கா, அண்ணா, ரெண்டு பேரும் ஒரு கொக்கிக்கு வாங்க. இல்லன்னா நான் தண்டவாளம் போட்டு இன்னா பிரயோஜனம்?”

முதலில் அவளுடைய கொக்கியை எஞ்சினில் மாட்டி ஓட்டினார்கள். கூடத்தில் அழகாகப் போனது. சமையலறைத் திருப்பத்தில் கொக்கிகள் திரும்ப முடியாமல் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ள, நடுக் கோச் ஒருக்களித்துச் சாய்ந்தது. மாவு டப்பாவில் மோதி நின்றது. மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடியும் அதே இடம். வளைவு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூவரசன் தனசேகரனின் ஊசிகளை மாட்டிவிட்டான். ரயில் படியேறி, திரும்பி, அடுப்புக்கடியில் நுழைந்து, எதுவுமே நடக்காதது போல அவள் காலடிக்கு வந்து நின்றது.

தனசேகரன் சிரித்திருந்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அவர் சாய்ந்த கோச்சை எடுத்துக் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ஒன்னுதுதாம்மா நெஜம் மாதிரி இருக்குது. என்னுது ஓடுது, அவ்ளோதான்.”

கலைவாணி கழற்றி வைத்திருந்த தன் கொக்கியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அந்தக் கொக்கிக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் அச்சு இழைத்தவள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: “உங்களுதே இருக்கட்டும்ணா. ஆனா அதோட அளவுப் படத்த எல்லாருக்கும் குடுத்துடுங்க. நம்ம மூணு பேருக்கு மட்டும் இல்ல. யாரு செஞ்சாலும் செய்யட்டும்.”

“கண்டவங்கல்லாம் செஞ்சா அப்பறம் நாம இன்னா செய்யறது?”

“இப்ப யாருமே செய்யல. அதானண்ணா நம்ம கஷ்டம்.”

தனசேகரன் தேநீர் ஆறும்வரை டம்ளரைக் கையில் வைத்திருந்தார். பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சரி என்றார். அவள் அங்கேயே, அவர்கள் முன்னாலேயே ரமேஷைக் கூப்பிட்டாள். அளவை மாற்றுவதாக இல்லை என்றும், வேண்டுமானால் இந்த அளவிலேயே மூன்று பேர் சரக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். ரமேஷ் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு வேலை ஒழியவில்லை. அவள் அச்சுகளை மாற்றினாள். ஒருவர் பெட்டிக்குள் மற்ற இருவரின் விவரச் சீட்டையும் வைத்து அனுப்பினார்கள். ரம்யா தன் சமையலறை வழியாக ரயில் போவதைப் படமெடுத்து இணையத்தில் போட்டாள். கொக்கியின் அளவுப் படமும் அங்கேயே கிடந்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு.

மாசியில் வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி நடந்தது. எண்பத்தேழுக்காரர்கள் மண்டபத்தின் நடுவை எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்குக் கைகழுவும் இடத்தருகே ஒரு மூலை. பூவரசன் காகிதக்கூழில் மலை செய்து, அதில் சுரங்கம் வைத்திருந்தான். மத்தியானத்துக்குள் அந்த மூலையில் நிற்க இடமில்லை. ரமேஷ்கூட வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். எதுவும் கேட்காமல் மூன்று பேரின் சீட்டுகளையும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் கூட்டம் கலையும்போது நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் வடிவு என்றும், கலசப்பாக்கத்தில் நர்ஸாக இருப்பதாகவும் சொன்னாள். கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அட்டையிலும் ஐஸ் குச்சியிலும் செய்த சரக்கு வேகன். அதே அளவு. முன்னும் பின்னும் அந்த வளைந்த ஊசி.

“நெட்ல இருந்த படத்தப் பாத்துச் செஞ்சேன். உங்க ரயில்ல கோத்து ஓட்டிப் பாக்கலாமாங்க?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கலைவாணி கடைசிக் கோச்சுக்குப் பின்னால் வேகனை வைத்து மெல்லத் தள்ளினாள். ‘டிக்’ என்று பிணைந்தது. ஒரு சக்கரம் லேசாக ஆடுவதைக் கவனித்தாள். சொல்லவில்லை. தனசேகரன் விசையைத் திருப்பினார். எஞ்சின் நகர்ந்தது, கோச்சுகள் நகர்ந்தன, வேகன் ஒருமுறை உலுக்கிக்கொண்டு பின்னால் போனது. ஒவ்வொன்றாகச் சுரங்கத்துக்குள் மறைந்தன. நான்கு பேரும் மேசையைச் சுற்றி மறுவாயிலுக்குப் போய்க் குனிந்தார்கள். உள்ளே சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. காகிதச் சுவரில் எஞ்சின் விளக்கின் மஞ்சள் மெல்லப் பரவத் தொடங்கியது.