வளைவின் வெளிக்கரை

ஆற்றை அளக்க அரசு ஆபீஸிலிருந்து வந்த அளவைக்காரம்மா விரித்த வரைபடத்தில் தன் வீட்டைத் தேடித் தேடிப் படகுக்காரருக்குக் கண் பூத்துப்போனது. கடைசியில் அவள் விரல் வைத்துக் காட்டிய இடம் நட்டாற்றில் இருந்தது.

"என் வீட்டைத் தண்ணிக்குள்ள போட்டிருக்கியேம்மா! நான் என்ன மீனா?"

"இது இன்னைக்கு ஓடுற ஆறு இல்லைங்க ஐயா. அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி ஓடும்னு போட்ட கணக்கு. வளைவுல வெளிக்கரையை ஆறு அரிக்கும், உள்கரையில மணலைக் கொட்டும். உங்க வீடு வெளிக்கரை. மேட்டுல மனை தர்றோம், கையெழுத்துப் போடுங்க."

ஆபீஸ் காகிதம் என்றாலே அவருக்கு ஆகாது. மலையில் புறப்பட்டுக் கடலில் விழும்வரை ஆற்றின் நெளிவு சுளிவையெல்லாம் மை தொட்டு வரைந்துவிடலாம். இறங்கிப் பார்த்தவனுக்குத்தானே ஆழம் தெரியும்? நாற்பது வருஷமாக மூங்கில் கழியை விட்டுப் பார்த்துத்தான் அவர் படகை எடுக்கிறார்.

ஆனாலும் ஒன்று குடைந்தது. எதிர்க்கரையில் மணல் ஏறி ஏறி, படகுத்துறையை மூன்று தடவை முன்னால் தள்ளிப் போட்டாயிற்று. அங்கே இடத்தை விட்ட தண்ணீர் எங்கே போயிருக்கும்?

"ஏறும்மா படகுல. பார்த்துடுவோம்."

ஆற்றோரச் சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஊர் ஆத்தையெல்லாம் குத்திப் பார்க்குற மனுஷன், சொந்த வீட்டடியில என்னிக்காவது குத்தியிருக்கீங்களா?"

"நம்ம கரை எங்கடி ஓடிடப் போகுது?"

சொன்னாரே தவிர, பார்த்ததில்லைதான். படகைக் கரையோடு ஒட்டி நிறுத்தி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கழியைப் படுக்கை வசமாகச் செருகினார். மண்ணில் முட்டும் என்று எதிர்பார்த்தார். முட்டவில்லை. இரண்டு ஆள் நீளக் கழி, பிடித்த கை நனையும்வரை உள்ளே போனது.

"அடியே, அடுப்புப் பக்கமா நின்னு ஒரு மிதி மிதி!"

"பைத்தியமா உங்களுக்கு?" என்றபடியே மிதித்தாள்.

கரைக்கு அடியிலிருந்து பொலபொலவென்று மண் உதிரும் சத்தம். கழியைச் சுற்றித் தண்ணீர் கலங்கிச் சிவந்தது.

படகுக்காரர் கழியை உருவினார். நனைந்த நீளத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"அஞ்சு வருஷமா? உன் கணக்கும் தப்பும்மா. அடுத்த வெள்ளமே தாங்காது." பிறகு ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "மெதுவா நடந்து வெளிய வா! பாத்திரத்தையெல்லாம் நான் வந்து எடுத்துக்கறேன்!"