மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த மதர்போர்டு

மாப்பிள்ளை ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. மாமனார் வீட்டில் அதுதான் சட்டம். உப்பு குறைவாக இருந்தால் நல்லது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவர் வந்தாலே வீடு முழுக்கப் பத்தியச் சாப்பாடு.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடியும் இந்த மரியாதை குறைந்தபாடில்லை. மாமனார் தன் இரண்டு பெண்களையும் கிழிகிழி என்று கிழிப்பார். அவர்களும் சளைக்காமல் அவரைப் பதிலுக்கு வாருவார்கள். வாசல்வரை அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றியதும் எல்லோரும் கப்சிப். டிவி சத்தம்கூடக் குறைந்துவிடும். அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும், யாராவது தன்னையும் ஒரு வார்த்தை கிண்டல் பண்ண மாட்டார்களா என்று பாவம் மனிதர் ஏங்கிப்போனார். பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்தார். "மரியாதை கொடுத்தா வாங்கிக்கத் தெரியணும்" என்று அவள் முடித்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் கொழுந்தியாள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினாள். வீட்டில் அவள் பெயர் சின்னவள். கார்ட்டூன் படம் வரைந்து அசையவைக்கிற வேலை அவளுக்கு. பழைய கம்ப்யூட்டர் ஒரு காட்சியை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. கையில் இருப்பதோ சின்ன பட்ஜெட். அதனால் ஒரு திட்டம் வைத்திருந்தாள். சுமாரான ப்ராசசராக வாங்கி, அதைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே தானே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிவிடுவது. ஓவர்கிளாக் என்பார்கள். அவளுக்கு அது முதல் தடவை.

"மாப்பிள்ளை கம்ப்யூட்டர்லயே குடியிருக்கார். நீ எதுக்கு மண்டையை உடைச்சுக்கிற? அவர் காட்டுறதை வாங்கு" என்றார் மாமனார்.

உண்மையில் மாப்பிள்ளையின் வேலை, ஒரு கம்பெனிக்குச் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள் எழுதுவது. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்ததுகூட இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வீடே முதல்முறையாக அவரை ஒரு காரியத்துக்குக் கூப்பிடுகிறது, எப்படி விடுவார்? ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ப்ராசசர் பகுதி முடிந்து மதர்போர்டு பகுதி தொடங்கும்போது ஆபீஸிலிருந்து போன் வந்தது. மிச்சத்தைப் பார்க்காமலே மாமனாரையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் சில ப்ராசசர்களையும் இரண்டு மதர்போர்டுகளையும் எடுத்து வைத்தார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ப்ராசசர்தான் மூளை. அதுல வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டு போட்டிருக்கக் கூடாது. இதோ, இது பூட்டில்லாதது, இதை எடுத்துக்கலாம். போர்டுங்கிறது அதை உட்கார வைக்கிற பலகை, அவ்வளவுதான். பலகைக்குப் போய் யாராவது காசைக் கொட்டுவாங்களா? இருக்கிறதுலயே விலை கம்மியானதைக் கொடுங்க."

"சார், ஓவர்கிளாக்னா போர்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார் கடைக்காரர்.

மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். "நானும் இந்த ஃபீல்டுதாங்க."

"அத்தான், அந்த போர்டு வந்து..." என்றாள் சின்னவள். மாமனார் ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் சின்னவளே எல்லாவற்றையும் மாட்டினாள். ப்ராசசரைப் பூப்போல இறக்கி, சூடு கடத்தும் பசை தடவி, விசிறியைத் திருகி, வயர்களைச் சொருகிப் பட்டனை அழுத்தினாள். திரையில் உயிர் வந்தது. மாமனார் கைதட்டினார்.

"தள்ளும்மா, வேகத்தை நான் ஏத்தித் தரேன்" என்று மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார். தேதி மாற்ற இடம் இருந்தது, விசிறியை மெதுவாக்க இடம் இருந்தது, மொழியைக்கூட மாற்றலாம். வேகத்தைக் கூட்டுவதற்கு மட்டும் இடமே இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். உதவிக்குச் சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இந்த போர்டுல முடியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பரவால்ல அத்தான். இந்த வேகமே எனக்குப் போதும்."

"மாப்பிள்ளை வாங்கினது சரியாத்தான் இருக்கும். இந்த மிஷின்லதான் ஏதோ கோளாறு" என்றார் மாமனார்.

பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்று, "ஆமாங்க, இதுவே பழசுக்கு எவ்வளவோ மேல்" என்று ஒத்து ஊதினாள்.

மூன்று பேரும் சேர்ந்து அவருக்குத் தப்பிக்க வழி விட்டார்கள். பேசாமல் தலையாட்டிவிட்டு எழுந்திருக்கலாம், கௌரவம் பத்திரமாக இருக்கும். ஆனால் சின்னவள் இன்னும் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்ததைச் சொல்லக்கூட அவளுக்கு வாயில்லாமல் போனது தன்னால்தானே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மிஷின்ல கோளாறு இல்ல மாமா. கோளாறு என்கிட்டதான்" என்றார். "எனக்குச் சம்பளக் கணக்கு போடத்தான் தெரியும். இதைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன்."

மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெடித்தார். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே! அந்தக் கடைக்காரன் நல்லதுதானே சொல்ல வந்தான்? அவன் வாயை அடைச்சீங்க! நானும் பக்கத்துல நின்னு கேணையன் மாதிரி தலையாட்டினேன்!"

"பலகைக்குப் போய் யாராவது காசைக் கொட்டுவாங்களா?" என்று சின்னவள் அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசிக் காட்டினாள். அக்காக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நானும் இந்த ஃபீல்டுதாங்க" என்று அடுத்ததையும் எடுத்துவிட்டாள் சின்னவள். திட்டிக்கொண்டிருந்த மாமனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரே குஷி.

கடைக்காரர் நல்ல மனுஷன். போர்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். இந்த முறை தேர்ந்தெடுத்தது சின்னவள். "ரொம்ப ஒசத்தி வேண்டாம் அத்தான். வேகத்தை மாத்த விடணும், ப்ராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற இடத்துல சூடு தாங்க இந்த மாதிரி கனமான அலுமினியக் கட்டி இருக்கணும். முதல் தடவைக்கு இது போதும்" என்று காட்டினாள். மாப்பிள்ளை பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் புது போர்டை மாட்டியதும் வேகம் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படிக்கும் சூட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றினாள். "இன்னும் ஒரு தட்டு தட்டேன்" என்று மாப்பிள்ளை உசுப்பிவிட, திரை அப்படியே உறைந்துபோனது. அதற்கும் திட்டு விழுந்தது. ஒரு படி இறக்கியதும் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "உங்க மாப்பிள்ளை பெரிய கம்ப்யூட்டர் ஆளாமே? பையனுக்கு ஒண்ணு வாங்கணும், அவரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

மாமனார் பதறிப்போனார். "ஐயையோ, அவரையா? சின்னவளைக் கேளுங்க! இவர் நம்ம வீட்டுப் பிள்ளைதான், தங்கமான ஆளு. ஆனா கடைக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க!"

உள்ளறையில் பெண்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது மாப்பிள்ளைதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.