மூன்று பெயர்ப் பிள்ளை

மானிப்பாயில் மெலிந்த பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுக்கும் சங்கத்தில், மாதாமாதம் பிள்ளைகளை நிறுப்பது தவமலரின் வேலை. நிறை தேறிவிட்டால் மா நின்றுவிடும்.

அன்று மூன்றாவதாக வந்த தாய் தராசில் தொங்கவிட்ட கைக்குழந்தையின் காதோரத் தழும்பைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. காலையிலிருந்து இதே பிள்ளைதான் மூன்று பெயர்களில் தராசில் தொங்கியிருக்கிறது.

"உது ஆரின்ரை பிள்ளை?"

அந்தப் பெண் தலை குனிந்தாள். "எங்கடை அகதி முகாமிலை தனிச்ச பிள்ளை, மிஸ். ஷெல் விழுந்து தாய் தேப்பன் இல்லை. எங்கடை பிள்ளையள் கொஞ்சம் தேறீட்டுதுகள். மா நிண்டிடும் எண்டுதான்..."

தவமலர் பதிவுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. தாய் கையொப்பமிடாமல் எந்தப் பிள்ளையையும் பதியக்கூடாது என்பது சங்கத்தின் விதி.