கண்ணாடிக்குப் பின்னால்

1

இந்தக் கதை ஒரு குரலாகத்தான் வந்தது. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் முழங்கால் வலிக்குச் சீட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வார்டுக்குள் ஒரு பெண் சொன்னாள்:

"அவுக பாக்குறாக டாக்டரம்மா. ஒங்க கண்ணாடியத்தான் பாக்கல."

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் கேட்கும். முகங்களைப் பிறகு ஒட்டிக்கொள்வேன். இந்தக் கதையின் நாயகனோ மூன்று மாதமாகப் பேசவில்லை. (அந்தப் பெண்ணுக்கு சர்புன்னிசா என்று பெயர் வைத்திருக்கிறேன். கணவர் அப்துல் வாஹித், தோல் வியாபாரி.)

2

அன்று காலை பைக்கை எடுக்கும்போதே வாஹித்துக்கு ஏதோ—

வேண்டாம். விழுந்தார், தலையில் அடி. கண் திறந்திருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை. அதை ஒரு குழு தினமும் தேடுகிறது: டாக்டர் தமிழ்நிலா, நர்ஸ் அல்போன்சா, கைகால் பயிற்சி தரும் ஆல்வின். மூவருக்கும் ஒரே நோட்டு. ஒருவர் கண்டதை இன்னொருவர் தனியாகவும் கண்டால்தான் செல்லும். மனைவி கண்டது செல்லாது.

முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் கண்முன்னே இடமிருந்து வலமாக நகர்த்துவார்கள். கண் கூடவே போனால் சிகிச்சை தொடரும். போகாவிட்டால், வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

3

அல்போன்சா தவறே செய்யாதவள் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். மூக்குக்குழாயின் பிளாஸ்திரி ஒட்டவில்லையென்று அவள்தான் அவருடைய தாடியை மழித்தாள். மூன்று மாதமாக மழித்துக்கொண்டிருக்கிறாள்.

"தாடியில்லாத அந்த மூஞ்சிய முப்பது வருசமா அவுகளே பாத்ததில்ல சிஸ்டர்" என்றாள் சர்புன்னிசா. "கண்ணாடியில எவனோ வந்து நிக்கிறான்னு வேற பக்கம் பாக்குறாக."

"மாப்பிள்ள மாதிரி ஆக்கிவச்சது குத்தமாக்கா?" என்று சிரித்த அல்போன்சா, பாதியில் நிறுத்தினாள். "வேற பக்கமில்ல. எப்பவும் ஒரே எடந்தான்."

நோட்டைப் புரட்டினாள். அவள் எழுதியிருந்ததையே, வேறொரு நாளில், ஆல்வினும் எழுதியிருந்தான்: கால்மாட்டில் யாரோ நடப்பதுபோலக் கண் போகிறது. அங்கே ஆளில்லை.

4

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.]

கால்மாட்டில் நான் இருந்தேன்; கதையை எழுதுகிறவர் அதற்குள் யார் கண்ணிலும் படுவதில்லை. எழுதுவதற்காக அவர் முகத்தைப் பார்க்க அங்கேதான் நடந்துகொண்டிருந்தேன். அவர் கண் என்னோடு வருகிறதோ என்று சந்தேகம் வந்து நின்றேன். கண்ணும் நின்றது.

5

நான்கு நாளாகச் சவரம் இல்லை; குழாயைத் துணிநாடாவால் கட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, நரைத்த முள்தாடியோடு கிடந்தார் வாஹித். தமிழ்நிலா கண்ணாடியை எடுத்தாள்.

ஒரு முடிவில், அவர் தன்னை அடையாளம் காண்கிறார். இன்னொன்றில், அவரை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் நத்தம் ரோட்டில் திரும்புகிறது. மூன்றாவது சுலபம்: கண்ணாடி நகரும்போது நானும் கூடவே நடந்துவிட்டால் போதும். மூவரும் ஒன்றையே எழுதுவார்கள்.

ஓர் அடி எடுத்துவைத்தேன்.

சர்புன்னிசா யாரையும் பார்க்காமல், வெறும் கால்மாட்டைப் பார்த்துச் சொன்னாள்: "செத்த வெளிய போங்க. அவுக தன்னால பாக்கட்டும்."

வெளியே வந்துவிட்டேன். இப்போது அங்கே நிற்பது நீங்கள் மட்டும்தான். கண்ணாடி இடப்பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டது. தயவுசெய்து, இந்த வரியைக் கண்ணை நகர்த்தாமல் வாசித்து முடியுங்கள். நகர்த்திவிட்டால், அவர் பின்தொடர்ந்தது கண்ணாடியையா உங்களையா என்று சர்புன்னிசாவிடம் நீங்கள்தான்—